எத்தனாம் நம்பர் கூண்டு

பிப்ரவரி 18

தாரணி இன்று காலை வந்துவிட்டாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். இந்தத் தாய்வீட்டில் தாய் இல்லை. ஜெயபாரதி போய் நான்கு வருடம் ஆகிறது. மாப்பிள்ளையின் அம்மா கே.கே. நகரில் அறையெல்லாம் ஒழித்து வைத்திருந்தார்களாம். இவள்தான் "அப்பாகிட்டயே இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். வானிலை அலுவலகத்தில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவனுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும்?

பிரசவம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. அவளுக்குக் கல்லூரியில் படிக்கும்போதே தொடங்கிய பீதி நோய் இந்த ஏழு மாதத்தில் அதிகமாகியிருக்கிறது.

பிப்ரவரி 21

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. நான் தண்ணீர் கொண்டு ஓடினேன், மின்விசிறியைக் கூட்டினேன். "மூச்சு வருதா? நெஞ்சு வலிக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" — நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அடங்கிய பிறகு சொன்னாள்: "நீங்க கேக்கக் கேக்க, நெசமாவே செத்துடுவேன்னு தோணுதுப்பா."

பிப்ரவரி 22

கேட்காமல் எப்படி இருப்பது?

பிப்ரவரி 27

அடையாறில் மனநல மருத்துவர் புஷ்ராவைப் பார்த்தோம். மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று உறவில் ஒருவர் போனில் சொன்னதிலிருந்து எனக்கு உதறல். தயங்கித் தயங்கிக் கேட்டேன். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கலந்து பேசித்தான் கொடுத்திருக்கிறாராம். "நீங்களா நிறுத்திடாதீங்க சார். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்."

"புயல் கரையைக் கடக்கிற மாதிரியா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். தாரணி சிரித்துவிட்டாள்.

திரும்பும் வழியில் அவளே ஒரு ஏற்பாடு சொன்னாள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதுபோல அவள் விரல் காட்டுவாள். ஒன்று என்றால் லேசு, பத்து என்றால் உச்சம். நான் வாயைத் திறக்கக் கூடாது.

மார்ச் 6

சாயங்காலம் ஏழு விரல். எதிரில் உட்கார்ந்தேன். நாக்கு துறுதுறுத்தது. சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஆயிற்று. பிறகு இரண்டு. "காபி போடறீங்களாப்பா?" என்றாள்.

இவ்வளவுதானா நான் செய்ய வேண்டியது?

மார்ச் 15

ஆட்டோ தணிகாசலத்தை அழைத்து, மருத்துவமனைக்கு ஒத்திகை போய் வந்தேன். தாரணி வரவில்லை.

"இன்னா சார், பொண்ணு வூட்ல கீது, நீ மட்டும் பிரசவத்துக்குப் போய்க்கினு கீறியே" என்றார்.

எந்த முனையில் நெரிசல், எந்தச் சந்து ஒருவழி, எல்லாம் குறித்துக்கொண்டேன். நெரிசல் என்றால் அவளுக்கு ஆகாது.

மார்ச் 29

நாலைந்து நாளாக விரலே காட்டவில்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9

நாளை எங்கள் கோயிலில் அறுபத்துமூவர் திருவிழா. மாட வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். காலண்டரில் "வெளியே போக வேண்டாம்" என்று எழுதி வைத்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஏப்ரல் 11

மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழந்தை என் காலண்டரைப் படிக்கவில்லை. நேற்று மதியம் வலி எடுத்துவிட்டது. உடனே வரச் சொன்னார் டாக்டர். மாப்பிள்ளை ஆனந்தகுமார் பெருங்குடி அலுவலகத்திலிருந்து நேரே மருத்துவமனைக்கே வருவதாகச் சொன்னார். தணிகாசலத்தால் லஸ் பக்கம்தான் வர முடிந்தது. அதுவரை நடக்க வேண்டும், வடக்கு மாட வீதி முழுக்க, அந்தக் கூட்டத்தில்.

தாரணிக்கு என்ன ஆகுமோ என்று நினைத்துத்தான் தெருவில் இறங்கினேன். ஆனது எனக்கு. மேளச் சத்தம், சப்பரங்கள், நான்கு பக்கமும் தோள்கள். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை ஜில்லிட்டது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். ஐயோ, இவளை இங்கே விட்டுட்டுப் போறேனே —

"அப்பா, எத்தனாம் நம்பர்?"

ஒன்பது விரல் காட்டினேன்.

"சரி. பேச வேணாம். நில்லுங்க. ஏறும், இறங்கிடும்." என் கையைப் பிடித்து மோர்ப் பந்தல் ஓரம் நிறுத்தினாள். நடுவில் அவளுக்கும் வலி வந்தது. பந்தல் கம்பத்தைப் பிடித்துக் குனிந்தாள். என் கையை மட்டும் விடவில்லை.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா தாத்தா, யாருக்குப் பிரசவம்? உனுக்கா, அதுக்கா?" பதிலுக்கு நிற்கவில்லை. குவளையைப் போட்டுவிட்டு முன்னால் நடந்தார். "வழி வுடுங்கபா! புள்ளத்தாச்சி வருது! யோவ், போனை அப்பறம் புடிக்கலாம், நவுறு!"

கூட்டம் விலகியது. எனக்கு ஆறாகி, நான்காகியிருந்தது. நடந்தேன்.

ஆட்டோவில் கேட்டேன், "உனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?"

"எட்டு இருந்துச்சுப்பா. இருந்தா என்ன, காலு நடந்துச்சே."

இன்று விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். வலி நேரத்தில் ஒரு தடவை பத்து காட்டினாளாம், நர்ஸுக்குப் புரியவில்லையாம். மாப்பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. பேசாமல் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

ஏப்ரல் 13

எத்தனை வருடமாக அந்தப் பயத்தை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாள்! மூன்று நாள் முன்பு வரை எனக்கு அதன் கனம் தெரியவில்லை.

ஏப்ரல் 27

டாக்டர் புஷ்ரா போனில் பேசினார். மாத்திரை தொடர்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் வரலாம், வந்தால் பயப்பட வேண்டாம் என்றார்.

மத்தியானம் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாரணி, இந்தப் பக்கம் திரும்பாமலே நான்கு விரல் காட்டினாள். நானும் தலையாட்டினேன். எழுந்து போகவில்லை. அடுத்த துணியை எடுத்தேன்.

கடைசித் துணியை மடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அதே கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.