வலப்பக்கம் மேலே

நவம்பர் 6

மாலைத் தையல் வகுப்பில் இன்று முதுகு அளந்தார்கள். இருவர் இருவராக நிற்கச் சொன்னார் ஓகிதா டீச்சர். வகுப்பில் ஒற்றைப்படை ஆட்கள். மீந்தது நான்.

மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். பிடரி எலும்பிலிருந்து இடுப்பு வரை உள்ள நீளத்தை மட்டும் ஒருவர் தனக்குத்தானே எடுக்க முடியாது. டேப்பைத் தோளுக்கு மேல் எறிந்து பார்த்தேன், நழுவி விழுந்தது. அட்டவணையில் இருந்த சராசரி முதுகை எழுதி வைத்தேன்.

பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டே, கூடப் படிக்கும் உசாமி அக்கா கேட்டாள்: "ஏய் புத்தகப் புழு, சும்மா நின்னா யாராச்சும் வந்து அளப்பாங்களா? வாயத் தொறந்து கேக்க மாட்டியா?"

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நவம்பர் 9

துணி வெட்டுவதற்கு முன் தாளில் பேட்டர்ன் வரையும்போது பாதி உடம்பைத்தான் வரைகிறோம். வலப் பாதி. இடப் பாதியும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். இந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லாத பாதியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

டார்ட் போடக் கற்றேன். தாளில் ஒரு மெல்லிய முக்கோணம், அதை மடித்து ஒட்டியதும் தட்டைத் தாள் எழுந்து நிற்கிறது. ஒரு மார்பு, ஒரு மூச்சு. வீட்டுக்கு வந்தும் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது.

நவம்பர் 16

அம்மாவுக்குப் போன் செய்தேன். பிப்ரவரியில் அப்பாவின் முதல் வருடத் திதி. அதோடு துக்கம் முடிந்தது, கறுப்பைக் கழற்றலாம். ஆனால் அம்மா கழற்றுவாளா? கோயிலுக்குத் தவிர வாசல் தாண்டுவதில்லை. காய்கறி, மீன் எல்லாம் கூட்டுறவு வண்டியில் வருகிறது. பக்கத்து வீட்டில் கூப்பிட்டாலும் தலைவலி என்கிறாளாம்.

"உனக்கு ஒரு கோட் தைக்கப் போறேன். நானே வரைஞ்சு, நானே வெட்டி. திதி முடிஞ்சதும் அதப் போட்டுக்கிட்டு வெளிய போகணும்."

"எங்க போறது இந்தப் பனியில?"

"எங்கயாவது. அளவு மட்டும் சொல்லு. முதுகு நீளம்."

டேப் தேடும் சத்தம். இழுப்பறை சத்தம். பிறகு டேப் தரையில் விழும் சத்தம்.

"முதுக நானே எப்படிடி அளக்குறது? உங்கப்பா இருந்தா பிடிச்சிருப்பாரு."

ஊரில், சகாதாவில் ஒரு முதுகு, இங்கே டோக்கியோவில் ஒரு முதுகு. நடுவில் டேப் பிடிக்க ஆளில்லை.

நவம்பர் 24

பெட்டி வந்தது. மிசோ விழுது, உலர்த்திய பெர்சிமன் பழங்கள், அடியில் அம்மாவின் பழைய ஜாக்கெட். 'இத வச்சு அளந்துக்கோ' என்று துண்டுச் சீட்டு. முழங்கை வளைந்த இடத்தில் துணி அப்படியே வளைந்து நிற்கிறது. மேசையில் விரித்து அளந்தேன். அம்மா எவ்வளவு சின்னவள்!

டிசம்பர் 7

பிளவுஸுக்கு மதிப்பெண் போயிற்று. பொத்தான் பக்கத்தை மாற்றித் தைத்துவிட்டேன்.

டீச்சர்: "பொம்பள உடுப்புல வலப்பக்கம் மேல வரணும். ஆம்பளச் சட்டையா தைக்கிற?"

உசாமி அக்கா: "அவ வீட்ல துவைக்க ஆம்பளச் சட்டை ஏது டீச்சர்? பாவம், ஆசைக்குத் தச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. பகலெல்லாம் பிறர் எழுத்தில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்! வீட்டுக்கு வந்து பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன்: வலப்பக்கம் மேலே.

டிசம்பர் 21

கோட்டுக்கு வடிவம் கிடைத்துவிட்டது. கிமோனோ போல நேர்க் கழுத்துப் பட்டி, குறுக்கே மடிந்து விலாவில் நாடாவால் கட்டுவது. ஆனால் தோளும் கைக்குழியும் அம்மாவின் உடம்புக்கு வரைந்தவை, டார்ட்டோடு. மேலே வரும் வலது முன்பாகம் அகலம், இடுப்பின் மறுபக்கம் வரை எட்டும். அடியில் வருவது குறுகல். இரண்டும் ஒன்றுபோல் இல்லாததால் பாதி உடம்பு போதவில்லை, முதல்முறையாக முழு உடம்பையும் வரைந்தேன். மேசை போதாமல் தரையில்.

இதை வகுப்பில் யாரிடமும் காட்டவில்லை. இது எனக்கும் அம்மாவுக்கும்.

மாதுளைத் தோல் நிறக் கம்பளித் துணி வாங்கினேன். கடையில் மீதமிருந்தது அவ்வளவுதான்.

ஜனவரி 1

துக்க வீட்டில் புத்தாண்டு கிடையாது. "பனி கொட்டுது, வராத" என்றாள் அம்மா. தைத்தேன்.

உள்துணி கொடுக்க எனக்கு இன்னும் தெரியாது. அதனால் உள்ளே ஒவ்வொரு தையல் ஓரத்தையும் வெளிர்நீலப் பருத்திப் பட்டி வைத்துப் பொதிந்தேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும்.

ஜனவரி 11

அனுப்பிவிட்டேன். தபால் நிலையத்திலிருந்து வெறுங்கையோடு நடந்து வர என்னவோ போலிருந்தது.

ஜனவரி 14

போன் இல்லை.

ஜனவரி 15

அம்மா கூப்பிட்டாள்.

"போட்டுப் பாத்தேன்."

"எப்படிம்மா இருக்கு?"

"தோள், கை எல்லாம் அப்படியே உக்காருது. அதான்..."

"அதான்?"

"கண்ணாடில பாத்தேன். வலது மேல இருக்குடி. சவப்பெட்டில வைக்கிறப்ப உங்கப்பாவுக்கு நான்தான மடிச்சு விட்டேன்? அதே மடிப்பு. ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு, சிஹாரு. கழட்டவே தோணல. அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு."

கடவுளே. என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

இடப்பக்கம் மேலே வந்தால் உயிரோடிருப்பவர். ஆணோ பெண்ணோ, கிமோனோ என்றால் அப்படித்தான். வலப்பக்கம் மேலே மடிப்பது பிணத்துக்கு. அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியும் இது. மேல்நாட்டுச் சட்டையின் விதியைக் கொண்டுபோய் நம் கழுத்துப் பட்டியில் வைத்துத் தைத்திருக்கிறேன். வெளிய கூட்டிட்டு வரணும்னு தச்சேன். எங்க அனுப்பப் பாத்தேன்?

அப்பாவுக்கு வெள்ளை உடுத்தியபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அவர் காலுறையின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

ஜனவரி 16

சுவரில் ஒட்டியதைக் கிழித்தேன்.

ஜனவரி 20

உசாமி அக்காவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கத்தரிக்கோலைக் கேட்கப் போய் அழுதுவிட்டேன். அவள் கேலி செய்யவில்லை. மூக்கைத் துடைக்க ஒரு துண்டுத் துணியை நீட்டினாள்:

"இதுக்கா இவ்ளோ கண்ணீர்? தாளுக்கு இடமேது வலமேது? முன்பாகம் ரெண்டையும் திருப்பிப் போட்டு வெட்டு, முடிஞ்சுது கதை."

"துணி இல்லக்கா. கடைலயும் இல்ல."

"அப்ப அந்தக் கோட்டையே வரவழைச்சுப் பிரி."

போன் செய்தேன். அனுப்ப மாட்டாளாம். "இருக்கட்டும்" என்றாள். எதற்கு இருக்கட்டும்? ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? கேட்க வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஜனவரி 29

தினமும் போன் செய்கிறேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." கோட்டைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பிப்ரவரி 10

கடலோரத்தில் காற்று. ரயில் ஊர்ந்து ஊர்ந்து தாமதமாகத்தான் வந்தது. வழக்கம்போல் டாக்ஸி பிடிக்கலாம் என்று சகாதாவில் இறங்கினேன்.

டிக்கெட் வாசலுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள்.

மாதுளைத் தோல் நிறம். தோள் மீது, கைக்குழியைச் சுற்றி, விலாவோரம், நீலக் கோடுகள். தாளில் நான் போட்ட கோடு அத்தனையும் அம்மாவின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கணம் புரியவில்லை.

கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள். அகலப் பக்கம் இடதுக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் மேலே.

"ஸ்டேஷன்காரர் ஓடி வந்து, 'அம்மா, கோட்டு திருப்பிப் போட்டிருக்கீங்க'ன்னாரு. 'தெரியும்பா, எம் பொண்ணு வரைஞ்ச கோட்டு, இப்படித்தான் போடணும்'னேன்."

நான் கையை நீட்டித் தோளோரத்து நீலப் பட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஊரே உன் தையலத்தான் பாக்குது. எல்லாம் ஒழுங்கா இருக்கு, இந்த இடது கைக்குழி மட்டும் கோணிப் போச்சு பாரு. பையக் குடு, நான் தூக்குறேன்."

பிப்ரவரி 12

நேற்று திதி முடிந்தது. கறுப்பு உடைகளை மடித்து மேல் அலமாரியில் வைத்தாள்.

காலையில் அம்மாவின் முதுகை அளந்தேன். பழைய ஜாக்கெட் சொன்னதைவிடக் குறைவு. பிறகு டேப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். பிடரியில் சில்லென்ற விரல்.

"நிமிந்து நில்லுடி. கூன் போட்டா அளவு எப்படி வரும்?"

நிமிர்ந்து நின்றேன். சராசரியைவிட நீளமாம் என் முதுகு.

இப்போது வீட்டில் நான் மட்டும். மீன் கடைக்குப் போகிறேன் என்றாள். கதவருகே ஆணியில் கோட் இல்லை.