இளம்பச்சைச் சுவர்

ஓசூர்
18.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு, செந்தாமரை எழுதுவது.

போன் பேசினால் சிக்னலுக்காக நீங்கள் பாறை மேல் ஏற வேண்டும், ஊரே கேட்கும். அதனால்தான் கடிதம்.

என் கை வெடித்ததும் கண் வீங்கியதும் குளிரால் இல்லையாம். கம்பெனியில் நான் டப்பாவில் அடைக்கும் கிரீம் கெடாமலிருக்க ஒரு மருந்து கலக்கிறார்கள். அதைத் துளி முதுகில் ஒட்டிப் பார்த்துவிட்டு, அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை, இனி ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது என்றார் தோல் டாக்டர். மேஸ்திரியிடம் சொன்னால், "ஊரே பூசிக்குது, ஒனக்கு மட்டும் இன்னா?" என்கிறார்.

வேலையை விட்டுவிட்டேன். ஷாம்பு, பாத்திரம் கழுவுகிற சோப்பு நீர் என்று இங்கே தொட்டதிலெல்லாம் பயமாக இருக்கிறது. நம் வீட்டில் சீயக்காயும் சாம்பலும்தானே. பொங்கலுக்கு வந்தால் அங்கேயே இருந்துவிடட்டுமா?

உங்கள் மகள்,
செந்தாமரை

ஜமுனாமரத்தூர்
26.12.2024

அம்மாடிக்கு,

இருக்கட்டுமா என்று என்னைக் கேட்கிறாயா? கோபம் வருகிறது. இது உன் வீடு. அந்த மேஸ்திரி என் கையில் கிடைக்கட்டும்.

உன் அம்மா சாமை குத்தி வைத்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீ வரும் தேதியைச் சொல்கிறாள். நானும் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். சொல்ல மாட்டேன், வந்து பார்.

அப்பா,
ராஜவேலு

போளூர்
20.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வீக்கம் வடிந்து கண் திறந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அம்மா சாப்பிடட்டும்.

போகிக்கு நான் உள்ளே நுழைந்தபோது நீங்கள் சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வருஷா வருஷம் அடிக்கும் சுண்ணாம்பை விட்டு, எனக்குப் பிடித்த இளம்பச்சையில் பெயிண்ட். சந்தோஷமாகத்தான் இருந்தது அப்பா. பொழுது சாய்வதற்குள் முகம் வெந்துபோனது.

பெயிண்ட் கெடாமலிருக்கவும் அதே மருந்துதானாம். சுவர் காய்ந்தாலும் பல வாரம் காற்றில் வந்துகொண்டிருக்குமாம். எனக்கே தெரியவில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்? இப்போது நான் இருக்கும் அத்தை வீட்டில் பழைய சுவர், ஒன்றும் செய்யவில்லை. உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

செந்தாமரை

ஜமுனாமரத்தூர்
17.2.2025

அம்மாடிக்கு,

பெயிண்ட் கடைக்காரனிடம் சண்டைக்குத்தான் போனேன். "எல்லா டப்பாலயும் இருக்குதுங்க, நான் இன்னா பண்றது?" என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

நானும் உன் அம்மாவும் சுவரைச் சுரண்டி எடுத்துவிட்டோம். மேலே சுண்ணாம்பு இரண்டு பூச்சு. கதவும் ஜன்னலும் திறந்தே கிடக்கின்றன, நாங்கள் மாட்டுக்கொட்டகையில் படுக்கிறோம். ஆனாலும் மூலையில், உத்தரத்துக்குப் பின்னால், பச்சை கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

தினமும் சுவரில் மூக்கை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மா கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அழுதாள்.

போய்விட்டதா இல்லையா என்று எங்கள் உடம்புக்குத் தெரியாது அம்மாடி. நீ வந்து நின்றால்தான் தெரியும். வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வராதே என்று எப்படி எழுதுவேன்?

அப்பா