நாலு ஓட்டை

9 ஜூன், திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பரணிலிருந்து டிரில் மெஷினை இறக்கினேன். இரண்டு பேட்டரியையும் மூன்று மணி நேரம் சார்ஜில் போட்டேன். ஒன்று செத்தே போச்சு. இன்னொன்றைப் போட்டு மெஷினைச் சுவரில் வைத்ததும் இரண்டு சுற்று, ஒரு முனகல், அவ்வளவுதான்.

மெஷின் பக்கத்திலேயே அந்த ஸ்டீல் கைப்பிடி. பாலிதீன் கவர்கூடப் பிரிக்கவில்லை. வசந்தா பாத்ரூமில் முதல் தடவை வழுக்கியபோது அவளே வாங்கி வந்தது. இரண்டு வருஷம். பேட்டரி மாற்றிவிட்டு நானே மாட்டுகிறேன் என்றேன். பிளம்பரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள், எரிந்து விழுந்தேன். "ஆத்துல மெஷின் இருக்கறச்சே நாலு ஓட்டைக்கு ஒரு ஆளா?"

போன வாரம் அதே இடத்தில் விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆபரேஷன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

10, செவ்வாய்
திருவல்லிக்கேணி. பேட்டரி ரிப்பேர் கடை பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், இந்த மாடலே இப்ப வர்றதில்ல. உள்ள செல்லு மாத்தித் தரேன், நல்லா ஓடும். பத்து நாளாவும்."

"சம்சாரம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிலேர்ந்து வரா. அதுக்குள்ள வேணும்."

"அப்போ புச்சா சின்ன மெஷினா வாங்கிக்கினு போ சார். நாலு ஓட்டைக்கு அது போதும்."

மட்டமான மெஷின் எதற்கு, பழையதில் மோட்டார் இன்னும் ஜம்மென்று இருக்கிறதே என்று அரை மணி நேரம் வாதாடினேன். பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"அவசரம் யாருக்கு சார்? சம்சாரத்துக்கா, மெஷினுக்கா?"

ரிப்பேருக்கும் கொடுக்காமல், புதிதும் வாங்காமல் திரும்பிவிட்டேன். என்ன ஜென்மம் நான்.

11, புதன்
ஆஸ்பத்திரி. வாக்கர் பிடித்து நாலு அடி நடக்கவைத்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர். நர்ஸ் என்னிடம், "பாத்ரூம்ல பிடிச்சுக்க ஏதாவது இருக்கா சார்?"

வசந்தா முந்திக்கொண்டாள். "இருக்கு. பரண்ல."

கிண்டலா, கோபமா, தெரியவில்லை. கோபமென்றால் தேவலை.

வாங்க வேண்டியவை: ரப்பர் மேட், உயரமான நாற்காலி, பால், மெஷின்.

12, வியாழன்
மூட்டம். தி. நகரில் முதல் கடையிலேயே, இருப்பதில் மலிவானது. பேரம்கூடப் பேசவில்லை.

டைல்ஸில் டிரில் முனை வழுக்காமலிருக்க டேப் ஒட்டி, பென்சிலால் குறி. நாலு ஓட்டை. ஓட்டைக்குள் பிளாஸ்டிக் பிளக், அதில் ஸ்குரூ. முடிந்தது. முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

13, வெள்ளி
வந்துவிட்டாள். காரிலிருந்து இறங்கவே கால் மணி நேரம். சாம்பார் வேண்டாமாம், ரசம் போதுமாம்.

சாயங்காலம் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"கெட்டியா இருக்கு. நீங்களேவா மாட்டினேள்?"

"ஆமாம்."

"எத்தனை நாழி ஆச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி.

"இருபது நிமிஷம்."

அவள் கைப்பிடியை விடவே இல்லை.