அறுபத்தொரு பேர்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வந்த கேள்வித்தாள் இன்னும் சூடாக இருக்கிறது. நீர் இருந்தால் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தோசையே இதைவிட ஆறித்தான் வரும் ஓய்" என்பீர்.

ஏழாவது கேள்வி உம்முடையது. ஓர் ஊரின் மக்கள்தொகை எட்டாயிரம். ஆண்டுக்கு ஐந்து சதவீதம் கூடினால் மூன்று ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு? நான் அதை மாற்றவில்லை. மாற்றினால் விடையில் அரை மனுஷன் மிஞ்சுவான், அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கிளார்க் பரீட்சையில் மூன்று தடவை தோற்ற நாம் இரண்டு பேரும், அதில் ஜெயிப்பது எப்படி என்று கரமனையில் ஒரு மாடியில் வகுப்பு எடுத்தோம். ஊர் சிரித்தது. மாடியின் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை; அவர் நான்கு தடவை.

9200 என்பதை முதல் விடையாக வைப்பது உமது குறும்பு. மூவைந்து பதினைந்து என்று கூட்டிவிட்டு ஓடுகிறவர்கள் நேரே அதில் போய் விழுவார்கள். போன வருஷம் கூடினவர்களும் இந்த வருஷம் கூடுவார்கள் என்பதை மறந்துவிடுவார்கள். சரியான விடை 9261. "பாக்கி அறுபத்தொரு பேர் எங்கே போனா?" என்று நீர் கேட்டால் வகுப்பே குனிந்து பெஞ்சுக்கடியில் தேடும்.

குறைகிற கணக்கு மட்டும் நீர் வைத்ததே இல்லை. "நம்ம தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. அதையே கேள்வியாப் போடுமே" என்றேன் ஒரு நாள். "அது கணக்கில்லை ஓய், வயித்தெரிச்சல்" என்றீர்.

அப்புறம் உமது ஈரலிலேயே ஒன்று வளர ஆரம்பித்தது.

மாதத்துக்கு இருபது சதவீதம் வளர்கிறது, இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கானால் எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரி காண்டீனில் நீர் பழைய கேள்வித்தாள் ஒன்றைத் திருப்பி என் பக்கம் தள்ளினீர். "எத்தனை மாசம்? நீரே போடும். எனக்குக் கண் சரியில்லை."

உமது கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர் வடையில் எத்தனை மிளகு என்று அங்கிருந்தே சொல்லக்கூடியவர் நீர்.

நான் போட்டேன். ஐயிருபது நூறு. ஐந்து மாசம் என்று எழுதினேன். கூட்டுவட்டி மாதிரி போட்டால் நாலு மாசம்கூட முழுசாக வராது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உமக்கும் தெரியும்.

நீர் தாளை ரொம்ப நேரம் பார்த்தீர். அறுபத்தொரு பேரை விடாமல் தேடின மனுஷன், சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, சரி என்று ஒரு டிக் போட்டீர். "காப்பி ஆறறது, குடியும்" என்றீர்.

நாலாவது மாசம் நீர் இல்லை.

இன்று வகுப்பில் ஒருத்தி 9200 என்று எழுதியிருந்தாள். பாக்கி அறுபத்தொரு பேர் எங்கே என்று கேட்டேன். "விட்டுப்போயி சார்" என்றாள் மலையாளத்தில். உமது சிவப்புப் பேனாதான் என் கையில் இருந்தது. தப்பு என்று போட்டேன். தெரிந்தே சரி போடுகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, ஓய்.