உன் மகள் மருந்தை முடித்துவிட்டாள்

அன்புள்ள தங்கச்சி பாக்கியத்துக்கு,

உன் மகள் செல்வி பிழைத்துவிட்டாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கொண்டுபோன அதே காசநோய்தான் அவள் நெஞ்சிலும் வந்து உட்கார்ந்தது. இந்த முறை துரத்திவிட்டோம்.

உன் காலத்தில் இதற்கு மருந்து இல்லை. படுக்கை, முட்டை, நல்ல காற்று, அவ்வளவுதான். அதுவும் கிடைக்கவிடாமல், வெளியே தெரிந்தால் வெட்கம் என்று பாம்பூ ஊரில் இருக்கும் வீட்டின் பின்னறையில் உன்னை அடைத்துவைத்தவர் உன் கணவரின் அண்ணன், அந்த வீட்டுப் பெரியவர். நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

இப்போது ஊசி உண்டு, மாத்திரை உண்டு. ஆனால் லேசான மருந்தில்லை, பாக்கியம். ஊசி போட்டுச் சில வாரங்களில் செல்விக்குக் காதில் இரைச்சல். சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். டாக்டர் ஊசியை நிறுத்தி, இரண்டு வகை மாத்திரைகளை மட்டும் தொடரச் சொன்னார். அதில் பாஸ் என்பது ஒரு வேளைக்கே கை நிறைய. வயிற்றைப் புரட்டும்.

அந்த நேரம் பார்த்துக் காவடித் திருவிழா வந்தது. பிழைத்தால் போதுமென்று அவளும் விரதம் இருந்தாள். ஒரு நேரச் சாப்பாடு, வெறும் வயிற்றில் மாத்திரை. வாந்தி நிற்கவில்லை. "மோ பா கபாவ், மாமா," முடியவில்லை என்று கிரியோலில் சொல்லி என் தோளில் சாய்ந்தாள்.

பெரியவருக்கு அது போதும். முருகனே மருந்தை வேண்டாமென்கிறார் என்று டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பாதியில் விட்டால் நோய் முரடாகத் திரும்பும், அப்புறம் இந்த மருந்துக்கே அடங்காது. டாக்டரிடம் ஓடினேன். மருந்தின் மேல் குற்றமில்லை, பட்டினிதான் காரணம். சாப்பிட்ட பிறகு பிரித்துப் பிரித்துக் கொடுங்கள் என்றார். வந்து சொன்னேன். விரதத்தை முறிப்பது தெய்வக் குற்றம் என்றார் பெரியவர். நான் வாயைத் திறக்குமுன் உன் மகள் பேசினாள்.

"பெரியப்பா, முருகனுக்கு நான் உயிரோட வேணும். நீங்க காவடி எடுங்க, நான் சோறு எடுத்துக்கறேன். சாவியக் குடுங்க."

கொடுத்தார். சமையலறையில் யாரோ சிரித்தது அவருக்கும் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. குமட்டல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். சில நாள் மாத்திரையைத் திட்டுவதற்குப் பதில் என்னைத் திட்டுவாள். திட்டட்டும் என்றிருந்தேன்.

போன மாதம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி மருந்து வேண்டாம் என்றார். வெளியே வந்தால் வக்குவாவுக்குப் போகும் பஸ் கிளம்பிவிட்டது. செல்வி ஓடினாள், பாக்கியம். ஓடிப்போய்ப் படியில் ஏறி, மாமா வரும்வரை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரோடு சண்டை போட்டாள். சண்டை போட அவளுக்கு மூச்சு இருந்தது. தண்ணீர் கேட்கக்கூட உனக்கு மூச்சு இருந்ததா? இந்த மருந்து கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

பெரியவரை மன்னிப்பதாக உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். வேறொன்று தருகிறேன்: இனி நம் குடும்பத்தில் யார் இருமினாலும், கதவு சாத்தப்படுமுன் நான் அங்கே நிற்பேன். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அவராயிருந்தாலும் சரி.

உன் அண்ணன்,
செல்வியின் தாய்மாமன்