கூவாத சேவல்

ஆவடி,
மே 1947

அன்புள்ள வடிவுக்கு,

நான் சுகம். கொரட்டூரில் உன் அப்பா வீட்டுக்குப் போனதும் உன் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே வெயில். கோழிப் பண்ணையில், ராணுவ முகாமுக்குக் கோழி அனுப்புகிற வேலை குறையவில்லை.

நமக்குப் பிள்ளை வேண்டி அம்மா எல்லம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தாள். போன வெள்ளிக்கிழமை செலுத்தப் போனோம். பண்ணையிலிருந்து நானே கொண்டுபோனேன். நல்ல கனம். பூசாரி செங்கல்வராயன் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா நைனா, அம்மனுக்குப் பொட்டையத் தூக்கினு வந்துகீறே?" என்றார். சேவல்தான் என்றேன். "சேவலா? எங்கே, கூவச் சொல்லு பாக்கலாம்!" கூட்டம் சிரித்தது. கொண்டை வெளிறிச் சுருங்கியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்.

அது கூவாது. காரணம் எனக்குத் தெரியும். சதை மெத்தென்று கொழுப்பதற்காக, இளம் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் ஒரு மாத்திரை வைக்கிறோம். பெட்டைத்தன்மை தரும் மருந்து. வைப்பது என் கை. விதை சுருங்கிப்போகும். இதுவரை அதைக் கோழியின் விஷயமாகவே நினைத்திருந்தேன்.

அறுக்கும்போது கழுத்தைக் கழித்துவிடுவார்கள். கரையாத மருந்து அதிலேயே கிடக்கும். அதைத் தின்று வளர்ந்த காவல் நாய் பெட்டை நாய்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கும் விதை சிறுத்துவிட்டது. பண்ணையில் வேலை செய்யும் பூங்காவனம் வைக்கிற கழுத்துக் குழம்பைத்தான் பகலில் நானும் சாப்பிட்டு வந்தேன். கல்யாணமான மாதம் இங்கே சேர்ந்ததிலிருந்து. தாடி வளர்வது குறைந்திருக்கிறது. சட்டை உரசினால் மார்பு வலிக்கிறது.

பண்ணை டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இனிமேல் சாப்பிடாதே என்றார். நிறுத்திவிட்டேன். பழையபடி ஆகுமா என்று அவருக்கும் தெரியவில்லை.

குறை வடிவிடம் இல்லை, என்னிடம் இருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "மெதுவாப் பேசுடா, எவ காதுலனா வுழப்போவுது" என்று கதவைச் சாத்தினாள். பிறகு, "ரெண்டு எழுத்து படிச்சிட்டா கோயியும் மனுசனும் ஒண்ணாயிடுமா?" என்றாள்.

பாரிவாக்கத்தில் எனக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண் பார்த்திருக்கிறாள். உன் சம்மதம் கேட்டு, வருகிற வாரம் தாம்பூலத் தட்டோடு கொரட்டூர் வருவாள். நான் விரும்புவதாகச் சொல்வாள். நான் விரும்பவில்லை. அந்தப் பெண் வந்தால், கொஞ்ச நாளில் அவளையும் மலடி என்பார்கள்.

தட்டைத் தொடாதே. இந்தக் கடிதத்தை என் அம்மாவுக்கு முன்னால், உன் அப்பாவும் கேட்க, சத்தமாகப் படி. கூச்சப்பட்டு எந்த வரியையும் விட்டுவிடாதே. அதற்கப்புறம், என்னோடு வந்து இருப்பதா வேண்டாமா என்பதை நீ சொல்.

உன்,
வீரராகவன்