சக்கரம் வட்டமானதும் மச்சான் மெலிந்தார்

என் நெட்டை மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கொஞ்ச நேரம் குண்டாக்கி வைத்திருந்தேன். கோபப்படாமல் முழுதும் கேளுங்கள்.

உங்கள் கல்யாணக் கேசட்டை அஸ்தம்பட்டியில் ஒரு கடையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் பார்க்கும்படி மாற்றி வாங்கினேன். அக்கா வீட்டில் இப்போது அகலமான டிவி. லேப்டாப்பிலிருந்து ஒயரைச் சொருகி, உங்கள் மகள் கீர்த்தனாவை எதிரில் உட்காரவைத்துப் போட்டேன். நீங்கள் கண்ணை மூடும்போது அவளுக்கு ஒன்றரை வயது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நீங்கள் நடந்ததையோ சிரித்ததையோ பார்த்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

திரையில் வந்தவரோ பூசணிக்காய் மாப்பிள்ளை.

"ஏன்டா, உங்க மச்சானுக்கு எந்தக் காலத்துல இத்தனை கன்னம் இருந்துச்சு?" என்றாள் அக்கா.

கீர்த்தனா சிரிக்கவில்லை. "எனக்கு அப்பா சாடை கொஞ்சங்கூட இல்லீங்களா மாமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் உங்களைப் போலவே ஒல்லி, நீள முகம். அதைச் சொல்லி வகுப்பில் கேலி செய்கிறார்களாம். சுவரில் இருக்கும் உங்கள் படம் ஸ்டுடியோக்காரர் அடையாளம் தெரியாதபடி மழமழவென்று தேய்த்துக் கொடுத்தது. இதையும் தப்பாகக் காட்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அப்பா முகம் எங்கிருந்து கிடைக்கும்?

படம் ஓட்டும் மென்பொருளில் எதையோ மாற்றினேன். கன்னம் குறைந்தது, ஆனால் உங்கள் தலை வெட்டுப்பட்டது. மறுபடி தேடியபோது அகலத்துக்கும் உயரத்துக்கும் கணக்காக ஒரு பட்டியல் வந்தது. எது சரி என்று எப்படித் தெரியும்?

அப்போதுதான் உங்கள் பட்டறையில் நீங்கள் பாடி கட்டிய லாரி படத்தில் மண்டபத்து வாசலுக்கு வந்து நின்றது. அதன் சக்கரம் நம் நாமக்கல் முட்டையைப் படுக்கவைத்தது போல இருந்தது. நான் டயர் கடைக்காரன், வட்டம் எனக்குத் தெரியாதா? படத்தை அங்கேயே நிறுத்தினேன். ஐந்துக்கு நாலு என்று வைத்தேன், முட்டை எழுந்து நின்றது. நாலுக்கு மூன்று என்றதும் அச்சு அசல் சக்கரம்.

அப்படியே மணமேடைக்குப் போனேன். அங்கே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்குதே, டிவி போச்சா?" என்று அக்கா பதறினாள்.

"அது இருக்கட்டும்மா" என்று கீர்த்தனா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். தன் தாடையைத் தடவிப் பார்த்தாள். "இது என்ற தாடைங்க மாமா."

"மூக்கும் அதேதான் சாமி" என்றாள் அக்கா. மூவரும் சிரித்தோம். அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கேசட் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார்கள், உங்கள் குரல் ஓரிடத்திலும் இல்லை. "அப்பா எப்படிங்க பேசுவாரு?" என்று கேட்டாள். பட்டறையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களைப் போலவே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தது நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? இனி அவள் கேட்கும்போதெல்லாம் உங்கள் படத்துக்கு நேரே நின்று பேசிக் காட்டுவேன். இது சத்தியம்.

உங்கள் மைத்துனன், கீர்த்தனாவின் தாய்மாமன்,
சண்முகம்